முன்னால் போகச் சொன்னவர்கள்

சானடோரியத்திலிருந்து காஞ்சிபுரம் திரும்பியபோது எனக்கு இருபத்தாறு வயது. அறுபதுகளின் பிற்பகுதி. காசநோய் முழுசாகக் குணமாகிவிட்டது, இனி யாருக்கும் ஒட்டாது, தைரியமாக வேலைக்குப் போகலாம் என்று சொல்லித்தான் டாக்டர் அனுப்பினார். ஆனால் அதை ஊருக்கு யார் சொல்வது?

ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். மறுபடி வேலையில் சேர்ந்த அன்று என் மேஜை பழைய இடத்தில் இல்லை. கோடியில், ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்தார்கள். "உனக்கு நல்லா காத்து வரும்பா" என்றார் தலைமை குமாஸ்தா. அவர் கெட்டவர் இல்லை. வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தவர். முடிதிருத்தும் கடைக்கு நான் போனால் கூட்டம் முடிகிற வரைக்கும் பெஞ்சில் காத்திருப்பேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானாகவே கடைசி ஆளாக இருந்துகொள்வேன்.

உண்மையைச் சொன்னால், மற்றவர்கள் என்னை ஒதுக்கியதைவிட நான் என்னை ஒதுக்கிக்கொண்டதுதான் அதிகம். அப்பா இல்லாத வீடு. நானும் அம்மாவும் மட்டும். அம்மா எனக்கென்று எதையும் தனியாக எடுத்து வைக்கவில்லை. நானே ஒரு தட்டையும் டம்ளரையும் பிரித்து வைத்துக்கொண்டு, நானே கழுவினேன். வெளியே போனால் அந்த டம்ளர் துணிப்பையில் கூடவே வரும். டீக்கடையில் அதை நீட்டுவேன். கடைக்காரர் உயரத்திலிருந்து ஊற்றுவார்.

சைக்கிள் ஒன்று இருந்தது. கறுப்பு, நல்ல கனம். வாடகைக்கு விட்டால்கூட யாரும் எடுக்காத மாதிரி துரு ஏறி, இரண்டு சக்கரமும் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், இதை விற்றுவிடலாம், அதற்குமுன் கொஞ்சம் சரி செய்தால் நல்ல விலை போகும் என்று நினைத்து, பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடை வாசலில் ஒருவர் தன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். உயர்நிலைப் பள்ளியில் டிராயிங் மாஸ்டர். அடுத்த தெரு. பார்த்தால் தலையசைக்கிற அளவுக்குப் பழக்கம். எப்போதும் சட்டைக் கையில் வண்ணக் கறை இருக்கும்.

"வண்டி ரெடி ஆனதும் நாளைக்கு எங்களோட வர்றீங்களா?" என்றார். "ஞாயித்துக்கிழமை காலைல எட்டு பத்துப் பேர் கிளம்புவோம். சும்மா எங்கயாவது போய்ட்டு வருவோம்."

அவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன். ஊரில் சைக்கிள் கிளப் என்பார்கள், கொஞ்சம் சிரித்துக்கொண்டு. வேலைக்குப் போக சைக்கிள் மிதிப்பது சரி. லீவு நாளிலும் எதற்கு மிதிப்பது என்று யாருக்கும் விளங்கவில்லை.

"சார், எனக்கு டி.பி. இருந்தது" என்றேன்.

"தெரியும்பா. உங்க சைக்கிளுக்கு என்ன கோளாறுன்னு கேக்கறேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊருக்குத் திரும்பியபின் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். சைக்கிளை விற்கவில்லை.

மறுநாள் விடிகிற நேரத்துக்குக் கங்கைகொண்டான் மண்டபத்தருகே போய் நின்றேன். குளிருக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அவர்களில் இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவர் பட்டுக்கடை வைத்திருந்தவர். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். பருத்த உடம்பு, பெரிய குரல். அவர் சைக்கிள் ஸீட்டில் உட்கார்ந்தால் ஸ்பிரிங் ஒரு சத்தம் போடும், தெருவே திரும்பிப் பார்க்கும். இன்னொருவர் என் வயதுக்காரர். பருத்திக்குன்றத்தில் விவசாயம் பார்க்கிற ஜைனக் குடும்பம். அதிகம் பேச மாட்டார். பொழுது சாய்ந்தபிறகு சாப்பிடாத வழக்கம் அவர்களுக்கு. அதனால் கிளப்பில் ஒரு ஏற்பாடு: எங்கே போனாலும், அவர் வீடு போய்ச் சேர்ந்து சாப்பிடுகிற மாதிரி வெளிச்சத்திலேயே திரும்பிவிட வேண்டும். யாரும் அதை ஒரு பெரிய விஷயமாகப் பேசியதில்லை.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. மெதுவாகப் போகிறவர் முதலில் போக வேண்டும். மற்றவர்கள் அவர் வேகத்துக்குப் பின்னால் வர வேண்டும்.

"நீங்க முன்னால போங்க" என்றார் மாஸ்டர்.

"நான் பின்னாலயே வர்றேன் சார். முடியாட்டி திரும்பிடுவேன்."

"அதுக்குத்தான் முன்னால போகச் சொல்றேன். பின்னால வந்தா நீங்க திரும்பினது எங்களுக்கு எப்படித் தெரியும்?"

நெசவாளர் தெருவில் விடியற்காலையிலேயே பாவு நீட்டிவிட்டார்கள். தெரு நீளத்துக்கும் பட்டு நூல் இழைகள், இரண்டு பக்கமும் ஆட்கள். எல்லோரும் இறங்கி, சுவரோரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனோம். பிறகு செவிலிமேடு சாலை. எனக்குப் பின்னால் எட்டு சைக்கிள்களின் சத்தம். "பாவு மாதிரி நேரா ஓட்டுப்பா, ஏன் வளைஞ்சி வளைஞ்சி போற?" என்று பட்டுக்கடைக்காரர் கத்தினார். கொஞ்சம் வேகம் குறைந்தால் தெலுங்கில் "பத, பத" என்று மாட்டை ஓட்டுவது போல ஓட்டுவார். செவிலிமேடு அப்படியொன்றும் தூரம் இல்லை. ஆனால் பாலாற்றங்கரையில் இறங்கியபோது என் கால்கள் தந்தியடித்தன. மூச்சு இரைத்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காத மாதிரி இருந்தார்கள். ஆற்று மணலைக் கையால் தோண்டி, ஊற்று தெளிவதற்காகக் காத்திருந்தார்கள்.

திரும்பும் வழியில் டீக்கடை. நான் துணிப்பையிலிருந்து என் டம்ளரை எடுத்து பெஞ்சில் வைத்தேன். கடைக்காரர் அதில் ஊற்றினார். நான் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்துவிட்டு நிமிர்ந்தால் பட்டுக்கடைக்காரர் அந்த டீயைக் குடித்துக்கொண்டிருக்கிறார். வாய் வைத்து, உறிஞ்சி.

"அண்ணா, அது என்னோடது!"

"அப்படியா? நீ அதோ அதை எடுத்துக்கோ" என்று கடை கிளாஸ் ஒன்றைக் கைகாட்டிவிட்டு, மீதியையும் குடித்தார். அவர் தெரியாமல் எடுத்தாரா, தெரிந்தே எடுத்தாரா? பின்னால் பல தடவை கேட்டிருக்கிறேன். "எந்த டம்ளரு? எந்த டீ?" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது. அடுத்த ஞாயிறு நான் டம்ளர் எடுத்துப் போகவில்லை.

அப்படியே மாதங்கள் போயின. செவிலிமேடு, பிறகு தாமல் ஏரி, பிறகு வாலாஜாபாத். நான்தான் எப்போதும் முன்னால். முதலில் அது கூச்சமாக இருந்தது. போகப் போக அதில் ஒரு சந்தோஷம் இருந்ததையும் சொல்ல வேண்டும். பனி விலகாத சாலையை எட்டுப் பேருக்கும் முன்னால் பார்க்கிறவன் நான்தானே. சாலை நடுவில் உலர்த்தியிருக்கும் கேழ்வரகு, குறுக்கே போகிற வாத்துக்கூட்டம், எல்லாவற்றையும் கண்டு கையைத் தூக்கிக் காட்டுவது என் வேலை. அம்மா என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "சதை போட்டுக்கினு வருதுடா" என்றாள்.

தை மாதத்தில் மகாபலிபுரம் போவதென்று தீர்மானமாயிற்று. கடல் வரைக்கும் கிளப் அதுவரை போனதில்லை. போக ஒரு நாள், அங்கே ஒரு சத்திரத்தில் தங்கல், மறுநாள் திரும்புவது. அந்த இரண்டு நாளுக்குப் பருத்திக்குன்றத்து நண்பர் தன் சாப்பாட்டைத் தானே கட்டி எடுத்துக்கொண்டார். அம்மா எனக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள்.

வாலாஜாபாத் தாண்டி, செங்கல்பட்டுச் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். எதிர்க்காற்று, வறண்ட குளிர். தொண்டையில் ஏதோ கரித்தது. இருமித் துப்பினேன். சாலை ஓரத்து மண்ணில் சிவப்பாக விழுந்தது.

சைக்கிளை நிறுத்திவிட்டேன். இன்னொரு தடவை துப்பினேன். அதுவும் சிவப்பு.

அந்த நோய் வந்தவர்களுக்குத்தான் அது புரியும். முதல் தடவை எனக்கு நோய் தெரிந்ததும் இப்படித்தான். அலுவலகத்துக் கொல்லையில், ஒரு வெள்ளைக் கைக்குட்டையில். நான் காலால் மண்ணைத் தள்ளி அதை மூடினேன். அதற்குள் பருத்திக்குன்றத்து நண்பர் பக்கத்தில் வந்து இறங்கிவிட்டார். மண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வெத்தலை" என்றேன்.

நான் வெற்றிலை போடுவதில்லை என்று அவருக்குத் தெரியும். என் சைக்கிளின் ஹாண்டில்பாரை மெல்லத் தன் கைக்கு மாற்றிக்கொண்டார்.

எல்லோரும் கூடிவிட்டார்கள். நான் தள்ளிப்போய் நின்றேன். "யாரும் கிட்ட வராதீங்க" என்றேன். "நீங்க கடலுக்குப் போங்க. நான் பஸ் புடிச்சி ஊருக்குப் போய்டறேன்."

"கடல் எங்கப்பா போய்டப் போவுது? அது அங்கதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பட்டுக்கடைக்காரர் தன் சைக்கிளைத் திருப்பி என் முன்னால் நிறுத்தினார். "ஏறு."

"அண்ணா, வேணாம். என் மூச்சு உங்க மேல படும்."

"என் முதுகு மேலதான படும்? படட்டும். ஏறுடா!"

அதற்குமுன் அவர் என்னை டா போட்டதில்லை. ஏறி, அவருடைய கேரியரில் உட்கார்ந்தேன். செங்கல்பட்டுதான் பக்கம், அங்கே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது என்று மாஸ்டர் முன்னால் விரைந்தார். பருத்திக்குன்றத்து நண்பர் ஒரு கையால் தன் சைக்கிளை ஓட்டிக்கொண்டு, இன்னொரு கையால் என் காலி சைக்கிளைப் பிடித்தபடி பக்கத்திலேயே வந்தார். பட்டுக்கடைக்காரரின் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. என் மூச்சு அந்த முதுகில் படாமல் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டே போனேன். திரும்பவும் சானடோரியம், திரும்பவும் ஊசி, அம்மா தனியாக இருப்பாள் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆனதால் ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு இளம் டாக்டர் அம்மாள்தான் இருந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சிலும் முதுகிலும் வைத்துப் பார்த்தார். பிறகு அண்ணாந்து பார்க்கச் சொல்லி, டார்ச் அடித்து மூக்குக்குள் வெகு நேரம் பார்த்தார்.

"ரத்தம் மூக்குலேர்ந்து பின்பக்கமா தொண்டைக்கு இறங்கியிருக்குன்னு நினைக்கிறேன்" என்றார். "ஆனா உங்களுக்கு முன்னாடி நோய் இருந்திருக்கு. நான் நினைச்சா மட்டும் போதாது. நாளைக்குக் காலைல நெஞ்சைப் படம் எடுத்துடலாம். இன்னிக்கு இங்கயே இருங்க."

நான் அதை நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

வார்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில் எங்கள் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. கடற்கரையில் பிரிக்க வேண்டிய சாப்பாட்டுப் பொட்டலங்களை அங்கே பிரித்துச் சாப்பிட்டார்கள். எனக்கும் ஒரு இலையில் வந்தது. மத்தியானம் போய்ச் சாயங்காலமும் வந்தது. ஒருவரும் கிளம்பவில்லை. ஆஸ்பத்திரியில் எனக்குக் கட்டில் ஒதுக்கி, மாஸ்டர் என்னோடு இருப்பது என்று முடிவானபிறகுதான் மற்றவர்கள் எழுந்தார்கள். அப்போது வெயில் மரத்து உச்சிக்குப் போய்விட்டது. பருத்திக்குன்றத்து நண்பர் ஜன்னலருகே வந்து, "வர்றேன்" என்று மட்டும் சொன்னார். அவர் கட்டி வந்த சாப்பாட்டில் பாதியைப் பக்கத்துக் கட்டில் கிழவருக்குக் கொடுத்துவிட்டார் என்பது எனக்குத் தெரியும். ஊர் போய்ச் சேர இருட்டிவிடும். அன்று அவருக்கு ராத்திரிச் சாப்பாடு இல்லை. கிளப்பில் சேர்ந்ததிலிருந்து அவர் இருட்டியபிறகு வீடு போய்ச் சேர்ந்த ஒரே நாள் அது. அதைப் பற்றி அவர் ஒருபோதும் பேசியதில்லை. எனக்கும் அவரிடம் நன்றி சொல்ல வாய்வரவில்லை. இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

ஊரில் நடந்ததைப் பிற்பாடு அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பட்டுக்கடைக்காரர் என் சைக்கிளோடு வீட்டுக்குப் போய், "ஒண்ணுமில்லம்மா, உங்க பையன் வண்டி செயின் அறுந்துபோச்சு, நாளைக்கு வருவான்" என்றிருக்கிறார். அம்மா அவர் கையிலிருந்த சைக்கிளைக் குனிந்து பார்த்திருக்கிறாள்.

"இதுதான அவன் வண்டி? செயின் நல்லாத்தான இருக்குது?"

அந்தப் பெரிய உடம்பு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டதாம். பிறகு உள்ளதைச் சொல்லியிருக்கிறார். அம்மா அழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் அவருடைய மனைவி தலையணையும் பாயுமாக வந்துவிட்டார். அதற்குமுன் அந்த அம்மாளும் என் அம்மாவும் பேசிக்கொண்டதுகூடக் கிடையாது. அன்று ராத்திரி எங்கள் வீட்டிலேயே படுத்துக்கொண்டார். அம்மாவுக்கு ஆறுதல் எதுவும் சொல்லாமல், தன் மாமியாரைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டே இருந்தாராம். "அதைக் கேட்டுக்கினே எப்பிடியோ தூங்கிட்டேன்" என்றாள் அம்மா.

மறுநாள் காலை படம் எடுத்தார்கள். மாஸ்டரும் நானும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கடல் பயணத்துக்கென்று அவர் பள்ளிக்கு முன்பே லீவு சொல்லியிருந்தார். இடையில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் விடவில்லை. டாக்டர் அம்மாள் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"பழைய தழும்பு இருக்குது. புதுசா ஒண்ணும் இல்ல. நேத்து சொன்னதுதான், மூக்குதான்."

மாஸ்டர் அந்தப் படத்தை வாங்கி, பள்ளிப் பிள்ளைகளின் படத்தைத் திருத்துவது போல எட்டப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார். "விலா எலும்பெல்லாம் நல்லா வந்திருக்குது" என்றார். டாக்டர் அம்மாள் சிரித்துவிட்டார்.

"சைக்கிளை நிறுத்திடணுமா டாக்டர்?" என்றேன்.

"எதுக்கு நிறுத்தணும்? காஞ்சிபுரத்துலேர்ந்து இவ்வளவு தூரம் ஓட்டிக்கிட்டு வந்திருக்கீங்க. உங்க நுரையீரலுக்கு இதைவிட நல்ல சர்ட்டிபிகேட் நான் குடுக்க முடியாது. குளிர் காத்துல மூக்கு காஞ்சிருக்கு. கிளம்பறதுக்கு முன்னாடி மூக்குல தேங்கா எண்ணெய் தடவிக்கங்க."

மாஸ்டரின் சைக்கிளை பஸ் கூரைமேல் ஏற்றிவிட்டு ஊர் வந்தோம். இறங்கி வீட்டுக்கு நடந்தபோது, சானடோரியத்திலிருந்து வந்தபோது வராத ஒரு எண்ணம் வந்தது. எனக்குச் சரியாகிவிட்டது. ஒரு வருஷத்துக்கு முன்பே டாக்டர் சொன்னதுதான். எனக்குள் அது இறங்குவதற்கு இவ்வளவு நாளாகியிருக்கிறது, இத்தனை பேர் தேவைப்பட்டிருக்கிறார்கள்.

மாசியில் மறுபடி கிளம்பினோம். போகும்போது எல்லோர் மூக்கிலும் தேங்காய் எண்ணெய் மின்னியது. எனக்குத் துணையாக இருக்கட்டும் என்று அத்தனை பேரும் தடவிக்கொண்டு வந்திருந்தார்கள். சாயங்காலம் மகாபலிபுரத்தில் சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் கடல் தெரிந்தது. மணலில் சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு அலைக்குப் போனோம். பட்டுக்கடைக்காரர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கணுக்கால் நனைகிற அளவுக்கு மட்டும் நின்றார். அலை வந்தால் ஓடினார். நான் மூச்சை ஆழமாக இழுத்து, நிறுத்தி, விட்டுப் பார்த்தேன். எங்கும் பிடிக்கவில்லை. இழுத்துக்கொண்டே இருந்தேன்.

அதற்கு அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. பெண் வாலாஜாபாத். பெண்ணின் அப்பா அங்கே அரிசி மண்டி வைத்திருந்தார். பட்டுக்கடைக்காரர் மூலமாக வந்த இடம். நோய் இருந்ததை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்றேன். சொன்னார்கள். இடம் கைவிட்டுப் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

ஒரு ஞாயிறு காலை மண்டபத்தருகே புதிதாக ஒருவர் சைக்கிளோடு நின்றார். தலையில் துண்டு, ஐம்பது வயதிருக்கும். "என் சினேகிதர். நம்மளோட வர்றாரு" என்றார் பட்டுக்கடைக்காரர். அவ்வளவுதான் சொன்னார். தாமலுக்குக் கிளம்பினோம். மாஸ்டர் அவரை முன்னால் போகச் சொன்னார். அவர் கேட்கவில்லை. "நான் இந்தத் தம்பி பின்னாலயே வர்றேன்" என்று என்னைக் காட்டினார். அந்த ஒரு வருஷத்தில் என் வேகம் கூடி, நான் பின்வரிசைக்கு வந்துவிட்டிருந்தேன். போகும்போது என்ன வேலை, அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஏரிக்கரையில் இட்லி சாப்பிட்டோம். திரும்பும்போது எதிர்க்காற்று. அவர் பேச்சு நின்றுவிட்டது. எனக்குப் பின்னால் உஸ் உஸ் என்று சத்தம் மட்டும் வந்தது. நான் இறங்கி, அவருக்குத் தண்ணீர் கொடுத்து, புளியமர நிழலில் உட்காரவைத்தேன்.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தம்பி, நான் வாலாஜாபாத். பொண்ணைப் பெத்தவன்."

எழுந்து நின்றுவிட்டேன்.

"உக்காருங்க. உங்க மூச்சு எப்படி இருக்குதுன்னு கேக்கத்தான் பின்னாலயே வந்தேன்."

"கேட்டுதுங்களா?"

"எங்க? என் மூச்சு சத்தம்தான் கேட்டுது" என்றார்.

கல்யாணம் ஏகாம்பரநாதர் கோயில் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. கிளப் முழுக்க வந்திருந்தது. பந்தி பரிமாறியது, நாற்காலி தூக்கியது எல்லாம் அவர்கள்தான். டிராயிங் மாஸ்டர் விடியற்காலையிலேயே வந்து வாசல் தரை முழுக்க வண்ணப்பொடியில் கோலம் வரைந்திருந்தார். எழுபதுகளின் நடுவில் அவருக்கு மாற்றல் வந்து தெற்கே போய்விட்டார். பட்டுக்கடைக்காரர் ஸ்கூட்டர் வாங்கினார். இன்னொருவருக்கு முட்டிவலி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பருத்திக்குன்றத்து நண்பரும் நானும் மட்டும் போய்க்கொண்டிருந்தோம். பிறகு அதுவும் நின்றது. யாரும் யாரோடும் சண்டை போட்டு நிற்கவில்லை. எனக்கு நல்ல நுரையீரலும் வீடும் மனைவியும் பிள்ளைகளும் உண்டு என்றால், அதில் அந்த எட்டுப் பேருக்கும் பங்கு இருக்கிறது. அவர்களில் பலர் இன்று இல்லை.

தாமல் போய்வந்த அன்று வீட்டுக்குப் போய் அப்பா என்ன சொன்னார் என்று கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள் மனைவியிடம் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: வந்ததும் வராததுமாகக் கட்டிலில் விழுந்து, கால் பிடித்துவிடச் சொன்னாராம். "பையன் நல்லா இருக்கான்மா. எனக்குத்தான் ஒடம்பு சரியில்ல."